கரடியாருக்குப் படித்துக் காட்டிய குரல்

கரடியாருக்குக் கண் மங்கிப்போனது. ஆலமரத்தில் ஒட்டும் காட்டு அறிவிப்புகளைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் தேடினார். குயிலும் தவளையும் வந்தன.

முதலில் குயில் படித்தது. அடடா, என்ன குரல்! கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார் கரடியார். தவளை வாயைத் திறக்கும் முன்பே, "இனிமே நீதான்பா எனக்குப் படிக்கணும்" என்று குயிலிடம் சொல்லிவிட்டு, வழக்கம்போல மூங்கில் பாலத்தை நோக்கி நடந்தார்.

தவளைக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே தாவிப்போய், கரகரத்த தொண்டையில் அதே அறிவிப்பைச் சொல் சொல்லாக நிறுத்திச் சொன்னது.

"மூங்கில் பாலம். நடுவில். உடைந்திருக்கிறது. யாரும். ஏற வேண்டாம்."

பாலத்தில் வைத்த காலைக் கரடியார் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கீழே ஆறு சுழித்து ஓடும் சத்தம் அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

தவளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். "நல்லா இருப்பே ராசா. நாளையிலிருந்து நீயே படி."

கிளையிலிருந்து பார்த்த குயிலுக்கு முகம் சுண்டிப்போனது. "என் குரலுக்கு என்ன குறைச்சல், ஐயா?"

"ஒரு குறையும் இல்லப்பா. சாயங்காலம் வந்து பாடு, ஆசையா கேட்கிறேன். ஆனா நீ படிச்சப்போ, பாலம் உடைஞ்சதுகூட எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா!"