லண்டன் பேட்டரி

"வீடு பூரா அட்டையும் பசையுமாக் கெடக்கு. நான் ஊருக்கு வாரதுக்குள்ள அந்த ரூம் காலியா இருக்கணும். என் பழைய ரேடியோவெல்லாம் அங்கனதான் வைக்கப்போறேன்" என்று சார்ஜாவிலிருந்து வீடியோ காலில் கத்தினான் பீர் மைதீன்.

"அப்ப என் தொழிலு, மச்சான்?" என்றாள் தென்காசியில் இருந்த அவன் மனைவி ஜுஹைனா.

"பொட்டி ஒட்டுததெல்லாம் ஒரு தொழிலா? இங்க பாரு, இதாம்ட்டி சரக்கு! வால்வு ரேடியோவுக்குப் போடுத அந்தக் காலத்து அட்டைப்பொட்டிப் பேட்டரி. லண்டன் ஒரிஜினல். மும்பை ஏவாரிகிட்ட மல்லுக்கட்டி வாங்கினேன்."

ஜுஹைனா உற்றுப் பார்த்தாள். "அடி அட்டையைப் பிரிச்சு உள்பக்கம் பாருங்க."

பிரித்தான். உள்ளே புத்தம்புதுப் பேட்டரிகள் வரிசையாக இருந்தன. அட்டையின் உள்பக்கத்தில், அவன் கையெழுத்திலேயே தென்காசி வீட்டு விலாசம். போன பெருநாளைக்குச் சோப்பும் பால்பவுடரும் போட்டு அவன் அனுப்பிய கார்கோ பெட்டி!

"அந்த அட்டையில நான் ஒட்டின பொட்டிதான் இது. நகல்னு சொல்லித்தான் மும்பைக்கு வித்தேன். உங்ககிட்ட ஒரிஜினல்னா சொன்னான்?"

பீர் மைதீன் பிரித்த அட்டையைப் பழையபடி மூடினான்.

"ரூம் அப்படியே இருக்கட்டும். அடுத்த தடவை இன்னும் பெரிய பொட்டியா அனுப்புதேன்."