ஜமுக்காளத்தின் மறுமுனை

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றிருந்த செல்வினுக்கு, பின்னால் ஆள் இருப்பது தெரியவில்லை. "தம்பி, சும்மாதான நிக்கிற? வந்து இந்த முனையப் பிடி." கீழ்வீட்டு ரகமத் அக்கா, தண்ணீர் சொட்டும் ஜமுக்காளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பல வாரங்களாக யார் தட்டியும் கதவைத் திறக்காதவன், ஏனென்று தெரியாமலே போய்ப் பிடித்தான். அவள் கை போன பக்கமே அவன் கையும் போனது. ஜமுக்காளம் சும்மா உருண்டதே தவிர, முறுக்கு ஏறவில்லை. "நான் திருப்புற பக்கமே நீயும் திருப்புனா எப்படி? எதிர்ப்பக்கம் முறுக்கு." முறுக்கினான். கயிறாய் இறுகிய துணியிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே, "என்னால முடியலக்கா" என்றான். அக்கா சுவரோரத்துச் செருப்பை ஒருமுறை பார்த்தாள். "தெரியுதுப்பா. கைய மட்டும் விட்டுடாத. நீ விட்டா நான் மல்லாக்க விழுவேன்." அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான். "டாக்டர்கிட்ட போவோம். நான் வெளிய இல்ல, உள்ளயே வந்து உன் பக்கத்துல உட்கார்றேன்" என்றாள் அக்கா. தண்ணீர் நின்ற பிறகும் இருவரும் முனைகளை விடவில்லை. உச்சி வெயில். "அக்கா, தரை சுடுது" என்றான், தனக்குக் கால் இருப்பதே அப்போதுதான் தெரிந்தவன்போல. ரகமத் அக்கா தன் முனையையும் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போய், செருப்பை எடுத்துவந்து, படிக்கட்டைப் பார்த்தாற்போல் அவன் முன்னால் வைத்தாள்.