நண்டு அச்சு

"இந்த நண்டை நீங்களே செய்தனீங்களோ, பிள்ளை?"

சாருஜாவின் கை மேசை விளிம்பை இறுகப் பற்றியது. "ஓம் அங்கிள். நானேதான்."

வந்தவரின் பெயர் ஸ்ரனிஸ்லாஸ் என்று நண்டு கேட்டு வந்த ஓடரில் இருந்தது. அறுபதை நெருங்கும் வயது. கூரியரில் அனுப்புகிறேன் என்று அவள் சொல்லியும் கேட்காமல், கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு நேரிலேயே வந்து, மூன்று மாடி ஏறி, வியர்வையைக்கூடத் துடைக்காமல் நின்றார். அவருடைய உள்ளங்கையில் அவள் ரெசினில் வார்த்த கீகெப் இருந்தது. கீபோர்டின் ஒரு விசைக்கு மேல் மாட்டுகிற சின்ன மூடி. அதன் மேல் ஒற்றைக் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு சிவப்பு நண்டு.

"எத்தினை நாளாச் செய்யிறீங்கள்?"

"ஒன்றரை வருசம் இருக்கும்."

அதுவரை உண்மைதான். வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபோது யாரோ பாவித்து விற்ற மெக்கானிக்கல் கீபோர்ட் ஒன்றை வாங்கினாள். அதன் டொக் டொக் சத்தம் பிடித்துப்போயிற்று. சுவிட்சுகளைக் கழற்றிப் பூட்டப் பழகினாள். பிறகு மூடிகளையே வார்க்கத் தொடங்கினாள். முதல் இருபதும் குமிழி விழுந்து குப்பைக்குப் போயின. அதன்பின் வந்த பூக்கள், மேகங்கள், தண்டவாளங்கள் எல்லாம் அவளுடைய கற்பனை.

நண்டு மட்டும் அவளுடையதல்ல.

அது 'நண்டன்' என்ற பெயரில் கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவர் இணையத்தில் விற்றது. முகமோ, சொந்தப் பெயரோ யாருக்கும் தெரியாது. அவரிடம் அவள் ஒன்று வாங்கியிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன் அந்த இணையப் பக்கம் திடீரென்று மூடிக்கொண்டது. நண்டு கேட்டு ஆட்கள் அவளிடம் வந்தார்கள். வாங்கியதைச் சுற்றிச் சிலிக்கோனை ஊற்றி அச்செடுத்தாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

ஸ்ரனிஸ்லாஸ் நண்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாருஜா மேசைக்கடியில் கணவனுக்கு மெசேஜ் அனுப்பினாள். 'நண்டன் வந்திட்டார் போல கிடக்கு.'

சாரங்கனின் பதில் உடனே வந்தது. 'ஒண்டையும் ஒத்துக்கொள்ளாதை. வேலை முடிய வாறன்.'

"பின்பக்கத்தில ஒரு சின்ன எழுத்து இருக்கவேணுமே, பிள்ளை?"

"எழுத்தோ? அப்பிடி ஒண்டும் நான் போடுறேல்லை அங்கிள்."

"இருந்திருக்கு. சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்ச்சிருக்கிறீங்கள். இஞ்ச பாருங்கோ, இந்தப் பக்கம் மட்டும் பளபளப்புக் குறைவு."

அவள் பார்க்கவில்லை.

"அச்சு எங்க?"

"எந்த அச்சு?"

"இதை வார்த்த அச்சு. வைச்சிருக்கிறீங்களோ?" அவர் ஓரடி முன்னால் வந்தார்.

நண்டன் தன் அடையாளமாகப் போடுகிற அந்த எழுத்து அச்சில் அப்படியே பதிந்திருக்கிறது. அது அவர் கையில் கிடைத்தால் வேறு சாட்சியே தேவையில்லை. பொலிஸ் வரும். நண்டனின் ரசிகர்கள் அவளுடைய இணையப் பக்கத்தில் வந்து காறித் துப்புவார்கள்.

"எறிஞ்சிட்டன் அங்கிள்."

அவருடைய முகம் வெளிறியது. "எறிஞ்சதோ? எப்ப? எங்க எறிஞ்சனீங்கள்?"

"போன கிழமை. குப்பையோட…"

"எந்தக் குப்பை? கீழ இருக்கிற வாளியோ? எடுத்துக்கொண்டு போட்டாங்களோ?" குரல் உயர்ந்தது. இந்த மனுசன் குப்பையைக் கிளறியாவது என்னைப் பிடித்துக்கொடுக்காமல் விடமாட்டார் என்று தோன்றியது. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் அவர்தான் நின்றார்.

"கொஞ்சம் வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ, பிள்ளை. நான் இப்பவே கீழ போறன்."

அவர் உண்மையாகவே கதவைத் திறந்துகொண்டு படியில் கால் வைத்தார். அந்த வயதில், அந்த வெயிலில், குப்பை வாளியில் கிடக்கிற பக்கத்து வீட்டு மீன் செதிலுக்குள் கை விடப் போகிறார். சாருஜாவால் தாங்க முடியவில்லை.

"அங்கிள், நில்லுங்கோ! பொய் சொன்னனான்."

அலுமாரியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த சிலிக்கோன் அச்சை எடுத்து அவரிடம் நீட்டினாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"களவுதான் அங்கிள். உங்கட நண்டைத்தான் கொப்பியடிச்சனான். எழுத்தையும் நான்தான் அழிச்சனான். இனிமேல் ஒண்டும் விக்கமாட்டன். எல்லாருக்கும் உண்மையை எழுதிப் போடுறன். பொலிசுக்கு மட்டும் போகாதீங்கோ."

அவர் அச்சை இரண்டு கைகளாலும் வாங்கி, குழிக்குள் விரலை விட்டுத் தடவினார். நண்டின் கால்களை ஒவ்வொன்றாகத் தேடினார். பின்பக்கத்து எழுத்தில் விரல் பட்டதும் அப்படியே கதிரையில் உட்கார்ந்தார். தெஹிவளைப் பக்கம் போகும் ரயில் ஒன்று கூவிக்கொண்டு கடந்தது.

"நான் நண்டன் இல்லை, பிள்ளை," என்றார். "அவன் என்ர மகன். வேலை வெட்டியில்லாத விளையாட்டு எண்டு ஏசி, அவன்ர அச்சு, அவன் செதுக்கின நண்டு, எல்லாத்தையும் குப்பை லொறியில தூக்கிப் போட்டது நான்தான். அண்டைக்கு வீட்டை விட்டுப் போனவன், இண்டுவரைக்கும் என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை."

அச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஆராவது ஒரு கள்ளன் இதைக் கொப்பியடிச்சு வைச்சிருக்கவேணும் எண்டுதான், மூண்டு மாசமாச் செவ்வாய்க்கிழமை தவறாமல், துலைஞ்சதைத் தேடித் தாற அந்தோனியாரைக் கும்பிட்டுக்கொண்டு வாறன்."