நின்றுபோன சர்வீஸ்

போன மாசம் ஜுரத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தபோது என் சின்னப் பொண்ணு சொன்னது இது. அவள் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறாள்.

அங்கே மூன்று சர்வர்கள், அதாவது எல்லாப் பதிவும் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்கள். மூன்றும் கைகோத்துக்கொண்டு ஒரே ஆள் மாதிரி வேலை பார்க்குமாம். மூன்றிலும் மணி ஒன்றாக இருப்பதற்கு, உள்ளே சர்வீஸ் என்று ஒரு புரோகிராம் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறவர் இவளுடைய மேலதிகாரி. வாயைத் திறந்தால் வள்ளென்று விழுவார். இவர்கள் வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி.

ஒரு நாள் நிர்வாகியின் அறையில் ஒரு விசாரணை; சிடுமூஞ்சியையும் இவளையும்கூடக் கூப்பிட்டிருந்தார்கள். மூச்சுத் திணறிய நோயாளி ஒருவருக்கு நர்ஸ் ஊசி போட்டிருக்கிறாள். கம்ப்யூட்டரில் பார்த்தால், ஊசி போட்ட நேரம் முன்னாடி இருக்கிறது. டாக்டர் அதைப் போடச் சொல்லி எழுதிய நேரம் பின்னாடி இருக்கிறது.

"டாக்டர் சொல்லாம நீயா போட்டியாம்மா?" என்றார் நிர்வாகி.

"போன்ல போடச் சொன்னாருங்க. அப்புறமா எழுதிடறேன்னாரு. அந்த ஆள் எழுந்து உட்கார்ந்திருக்காரு, வேணா வந்து பாருங்க."

டாக்டர் மேஜையையே பார்த்துக்கொண்டு, "எனக்கு அப்படி ஞாபகம் இல்லை" என்றார்.

"நீங்க ரெண்டு பேரும் என்ன வேணா சொல்லலாம். மெஷின் பொய் சொல்லாதே. உன் வேலை..." என்று நர்ஸைப் பார்த்தார் நிர்வாகி.

"மெஷினும் பொய் சொல்லும்" என்றார் சிடுமூஞ்சி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"வார்டு பதிவு இருக்கிற சர்வர்ல டைம் சர்வீஸ் நின்னு போயிருந்தது. டாக்டர் எழுதினது வேற சர்வர்ல. இதுல மணி பின்தங்கி ஓடியிருக்கு. எது முன்னே, எது பின்னேன்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது. இன்னிக்குக் காலையிலதான் பார்த்து ஓட விட்டேன்."

"யாரோட தப்பு அது?"

"என் தப்பு. மெஷினை நிறுத்தி எழுப்பினா அந்த சர்வீஸும் தானா எழுந்துக்கற மாதிரி சொல்லி வைக்கணும். மறந்துட்டேன்."

நிர்வாகி பொரிந்து தள்ளிவிட்டார். "உயிரோட விளையாடற இடமாய்யா இது? பதவி உயர்வு கேட்டிருந்தீங்களே, அதை அடியோட மறந்துடுங்க! நீ வார்டுக்குப் போம்மா."

நர்ஸ் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சிடுமூஞ்சி ஒரு முறை முறைத்தார். அவள் வார்டுக்குப் போய்விட்டாள்.

என் பொண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் இத்துனூண்டு பிசகினால் அந்தக் குதி குதிக்கிற மனுஷர், தான் மட்டும் இப்படிக் கோட்டை விடலாமா? இடத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த சர்வருக்குள் போய்ப் பார்த்தாள். ஒரு சர்வீஸ் எப்போதிலிருந்து ஓடுகிறது என்று கேட்டால், அதுவே சொல்லிவிடுமாம்.

நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், அது நிக்கவே இல்லை. போன வருஷத்திலேர்ந்து ஓடிட்டே இருக்குன்னு காட்டுது."

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"டாக்டருக்கு போன்ல சொன்னது மறந்து போச்சில்ல? மெஷினுக்கும் கொஞ்சம் மறக்கட்டும்."

"சார்?"

"நிறுத்திட்டு மறுபடி ஓட விடு. இன்னிக்குத்தான் எழுந்த மாதிரி காட்டும். நிக்காதே, போய் வேலையைப் பாரு!"

பொய் என்றால் எனக்கு ஆகவே ஆகாது. இருந்தாலும், நீங்கள் பிரார்த்தனை பண்ணும்போது அந்தச் சிடுமூஞ்சிக்கும் சேர்த்து ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.