சான்று இல்லாத சர்ச்

"இந்தச் சர்ச்சுக்கு அப்படி என்ன சிறப்பு? ஒரு சான்றும் இல்லை. ஏழு நாளில் இந்தக் கட்டுரை நீக்கப்படும்."

திரையில் இதைப் படித்ததும் ஜெராக்ஸ் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கடைக்கு ஆள் வராத நேரமெல்லாம் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, இணையக் கலைக்களஞ்சியத்துக்கு அவள் எழுதிய முதல் கட்டுரை அது. டயர் கடைக்குப் பின்னால், நாற்பது நாற்காலியும் தகரக் கூரையுமாக இருக்கிற சின்னச் சர்ச்சைப் பற்றியது. அதைத்தான் 'பென்சில்' என்ற பெயரில் எவனோ ஒருத்தன் தூக்கச் சொல்கிறான்.

"பென்சிலாம் பென்சில்! முனையை ஒடிக்கிறேனா இல்லையா பாருங்க" என்றாள்.

ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஊருக்கெல்லாம் சர்டிபிகேட் நகல் எடுத்துக் கொடுக்கிறே. உன் சர்ச்சுக்கு ஒரு துண்டுப் பேப்பர் இல்லையா?"

அவளுக்குச் சுருக்கென்றது.

அவள் பத்தாவது படிக்கும்போது அவள் குடும்பம் குடியிருந்த வரிசை வீடுகள் தீப்பிடித்து எரிந்தன. பதினொரு குடும்பங்களுக்குக் கதவைத் திறந்தது அந்தச் சர்ச்தான். நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு மூன்று மாதம் அங்கேதான் படுத்தார்கள். அங்கிருந்துதான் அவள் பொதுத்தேர்வுக்குப் போனாள். பள்ளியில் மட்டும் "மாமா வீட்டுல இருக்கோம்" என்று ஒரு புளுகு புளுகி வைத்திருந்தாள். எப்படியோ ஒருத்திக்கும் உண்மை தெரியாமல் போனது. அது தன் அதிர்ஷ்டம் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது சொந்தக் கடை இருக்கிறது, சொல்ல வெட்கமும் இல்லை. நாலு பேர் அறிய நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் கட்டுரையே எழுதினாள்.

நேராகச் சர்ச்சுக்குப் போனாள். வயதான பாஸ்டர் தரையில் உட்கார்ந்து, ஆடுகிற நாற்காலி ஒன்றின் காலை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், நம்ம சர்ச்சைப் பத்திப் பேப்பர்ல ஏதாச்சும் வந்திருக்கா?"

"நம்மளைப் பத்தியா? வந்ததில்லையேம்மா."

"ஒரு ரிப்போர்ட்டர்கூடவா எட்டிப் பார்க்கலை?"

"ஒருத்தர் வந்தாரு, அந்தத் தீப்பிடிச்ச சமயத்துல. எழுதலை."

"ஏன் எழுதலை?"

"அதெல்லாம் பழைய கதை. அந்த ஸ்குரூவை எடும்மா."

எடுத்துக் கொடுத்தாள். வீடு தேடி வந்த ரிப்போர்ட்டரை உட்கார வைத்து நாலு வார்த்தை பேசத் தெரியவில்லையே, பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினாள்.

அடுத்த மூன்று நாளும் கடையை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு புரட்டினாள். மூன்றாம் நாள் கிடைத்தது. உள்பக்கத்து மூலையில் ஆறே வரிச் செய்தி. கடைசி வரியைப் படித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

'வீடிழந்த பதினொரு குடும்பத்தினரும் தத்தம் உறவினர் வீடுகளில் தங்கியுள்ளனர்.'

கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எழுதினாள்.

"பென்சில் அவர்களே, சான்று ஏன் இல்லை என்று இப்போது புரிகிறதா? சர்ச்சில் தங்கியிருந்த எங்களை உறவினர் வீட்டில் இருந்ததாக எழுதியிருக்கிறான் ஒரு பேப்பர்காரன். பச்சைப் பொய்! அந்தப் பக்கம் காலை வைத்திருந்தால்தானே அவனுக்கு உண்மை தெரியும்?"

மறுநாள் காலை கடையைத் திறந்தபோது பதில் வந்திருந்தது.

"அம்மா, அந்தப் பேப்பர்காரன் நான்தான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். நம் ஊர்க் கட்டுரைகளைச் சரிபார்ப்பதுதான் பொழுதுபோக்கு.

"நான் அங்கே வந்தேன். போட்டோகிராபரையும் கூட்டிக்கொண்டுதான் வந்தேன். முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டிய செய்தி அது. பாஸ்டர் வாசலை மறித்து நின்றுகொண்டார். 'சார், இங்க ஒரு பொண்ணு பத்தாவது பரீட்சை எழுதுது. மாமா வீட்டுல இருக்கேன்னு ஸ்கூல்ல சொல்லி வெச்சிருக்கு. நாளைக்கு இது பேப்பர்ல வந்தா அது எப்படித் தலை நிமிர்ந்து போகும்? எங்க சர்ச் பேரே வர வேண்டாம்' என்றார்.

"'அப்போ எங்கே தங்கியிருக்காங்கன்னு எழுதறது?' என்று கேட்டேன். 'உறவினர் வீட்டுலன்னு எழுதுங்க' என்றார். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். உங்கள் கோபத்தைப் பார்த்த பிறகுதான் இன்று அதை மீறுகிறேன். உண்மை தெரிந்தும் அந்த வாக்குக்காகத்தான் சான்று கேட்டேன்; உங்கள் கட்டுரைக்குச் சான்று இல்லாமல் போனதற்கு நானே காரணம். மன்னியுங்கள்."

ஜெராக்ஸ் அக்காவுக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"என்னாச்சு? என்ன எழுதியிருக்கான் அந்தப் பென்சில்?" என்று பதறி எழுந்து வந்தார் வீட்டுக்காரர்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினாள்.

"கட்டுரையை நீக்கிவிடுங்கள், அண்ணா. அந்தப் பொண்ணு நான்தான். நீங்கள் எழுதியதில் தப்பே இல்லை. நாங்கள் உறவினர் வீட்டில்தான் தங்கியிருந்தோம்."