மாதுளையின் முன்பக்கம்

நான்கு வருடம் கழித்து அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு மாதுளைச் செடியைப் படம் எடுக்க.

கதவைத் திறந்த அண்ணனுக்கு என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான், பாவம்.

உன் வீட்டு ஜன்னல் வழியாக ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றேன். அவன் விலகி வழியை விட்டான்.

நான் ஒன்றும் சமாதானத்துக்குப் போகவில்லை. தொட்டிமரப் போட்டி ஒன்றுக்குப் படம் அனுப்ப அன்று மதியம் பன்னிரண்டு மணிதான் கடைசி. என் மனைவியின் மரம் ஜெயிக்க வேண்டும். அதற்காக அண்ணன் வீடு என்ன, எமன் வீட்டுக்கே போயிருப்பேன்.

மரம் என்றால் ஒரு சாண் மரம். குட்டை மாதுளை. தட்டு மாதிரி ஒரு தொட்டியில் மூன்று வருடமாக வளர்க்கிறாள்.

அவளுக்குப் பல்செட் செய்யும் இடத்தில் வேலை. பல்லுக்குக் கம்பி வளைக்கிற கைக்குக் கிளை எம்மாத்திரம்? செம்புக் கம்பியைச் சுற்றி, வாரத்துக்கு ஒரு நூல் அளவு வளைப்பாள். பட்டையில் கம்பி பதிவதற்குள் கழற்றிவிடுவாள். அடிமரம் என் கட்டைவிரல் தடிமன்தான், ஆனால் பார்த்தால் நூறு வருடம் வெயிலில் நின்ற மரம் என்றே சொல்வீர்கள். அதில் இந்த வருடம் ஒரே ஒரு பழம். எலுமிச்சை அளவில், செக்கச்செவேலென்று. கண்ணே பட்டுவிடும்.

இந்த மாதிரி போன்சாய் மரத்துக்கெல்லாம் முன்பக்கம், பின்பக்கம் உண்டு. எது முன்பக்கம் என்று முடிவு செய்துகொண்ட பிறகுதான் ஒவ்வொரு கிளையிலும் கை வைப்பார்கள். என் மனைவியோ முன்பக்கத்தைத் தெருவைப் பார்த்து வைத்துவிட்டாள். வீட்டுக்காரன் எனக்கு மூன்று வருடமாகத் தெரிவது முதுகும் வெட்டின தழும்பும்தான்.

திருப்பி வையேன் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. வெளிச்சம் அந்தப் பக்கம்தான் வருகிறது என்பாள். காற்றுக்கு விழாமல் இருக்க எங்கள் மாடி ஜன்னலுக்கு வெளியே தொட்டியைக் கட்டியும் வைத்திருக்கிறாள். முப்பதடி பஸ்ஸை முட்டுச்சந்தில் திருப்புகிறவன் நான். அந்தத் தொட்டியைத் திருப்ப முடியவில்லை.

எட்டடித் தெருவுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, அண்ணன் வீட்டு மாடி ஜன்னல். வேறு எங்கிருந்து எடுப்பது?

ஒரு கல்யாண வீட்டில் எனக்கும் அவனுக்கும் வார்த்தை தடித்துப்போனதிலிருந்து நான் அங்கே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்த வீட்டு ஆட்களோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அடுத்த வருடம் அண்ணி மாடிப்படியில் விழுந்து, இடுப்பு ஒடிந்து, படுக்கையோடு படுக்கையானார். அப்போதும் போகவில்லை. அவ்வளவு வீம்பு எனக்கு.

மாடியில், ஜன்னலை ஒட்டி அண்ணியின் கட்டில். பாதியாக இளைத்திருந்தார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு நலம் விசாரிப்பது? போனைத் தூக்கிப் பிடித்தேன்.

முன்பக்கம் தெரிந்தது. ஆனால் மேல்கிளை பழத்தை மறைத்தது. குனிந்தேன். பழம் வந்தது, அடிமரம் ஒரு கிளைக்குப் பின்னால் போய்விட்டது. இத்தனை நுணுக்கமாகச் செய்கிறவள் இதில் எப்படிக் கோட்டை விட்டாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

“இன்னும் குனிங்க தம்பி. என் தலகாணி மட்டத்துக்கு வரணும்,” என்றார் அண்ணி.

மண்டியிட்டேன். தலையணையில் காது உரசுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்தேன்.

கிளைகளெல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. வேரிலிருந்து உச்சி வரை அடிமரம் ஒரே ஓட்டமாக ஏறியது. அதன் வளைவுக்குள் கச்சிதமாகப் பழம் தொங்கியது. எடுக்க ஒரு இலை இல்லை, சேர்க்க ஒரு இலை இல்லை. அடேயப்பா, இவளையா நான் கட்டிக்கொண்டேன் என்றிருந்தது.

படத்தை எடுத்தேன். எழுந்து பார்த்தேன், மரம் கலைந்துவிட்டது. மறுபடி சாய்ந்தேன், சேர்ந்துவிட்டது. உலகத்தில் அந்த ஒரு தலையணையிலிருந்து பார்ப்பதற்காக மட்டும் செய்த மரம்.

அண்ணனும் பக்கத்தில் வந்து மண்டியிட்டான். மின்விசிறிக்குக் கீழே கட்டிலை நகர்த்தலாம் என்றால் மூன்று வருடமாக விட மாட்டேன் என்கிறாளே என்று முணுமுணுத்தான். அவனும் என்னை மாதிரிதான், மக்கு.

மணி ஒன்பது. எதிர் ஜன்னலுக்கு என் மனைவி வந்தாள், கையில் சின்னக் கத்தரி. மற்ற நாளில் அந்நேரம் நான் பஸ்ஸில் இருப்பேன், அண்ணன் கடையில் இருப்பான்.

ஒரே தலையணையில் மூன்று தலைகள். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அண்ணி போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தார். ஒரு விரலை நீட்டி இடது பக்கம் அசைத்தார். பிறகு இரண்டு விரல்களைச் சேர்த்து மூடினார். எதிரே கத்தரி இடது கிளைக்குப் போனது. ஒரு தளிர் விழுந்தது. அண்ணி கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஏதோ கணக்காக மடக்கினார், கத்தரி அடுத்த கிளைக்கு நகர்ந்தது. எத்தனை நாள் பழக்கமோ, பேச்சு அவர்களுக்குத் தேவையே இல்லை.

போட்டி விண்ணப்பத்தில், மரத்தை உருவாக்கியவர் என்ற இடத்தில், நான் ஒரே ஒரு பெயரைத்தான் எழுதியிருந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. சத்தியமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், பேசு என்று அங்கிருந்தே கத்தினேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“அக்கா,” என்றாள். “இப்பவாவது வாயைத் தொறந்து சொல்லுங்க, வெட்டினது போதுமா?”

அண்ணி அழுதுகொண்டே, இன்னும் இரண்டு இலை எடுக்கச் சொன்னார்.