மாதா தேருக்கு எட்டுத் தோள்

"மாதா தேரை ரவுடிப் பசங்க தோள்லயா ஏத்தப் போறீங்க, சிஸ்டர்?"

எட்மண்டுக்கு மூக்குக்கு மேல் கோபம். கள்ளிக்குப்பம் கோயில் திருவிழாவில் வழக்கமாகத் தேர் தூக்குவது அவர் வீட்டு ஆட்கள்தான். இந்த வருடம் கான்வென்ட் சிஸ்டர் ரெனிதா அந்த வேலையை ஒருவருக்கொருவர் பகையான ரவுடிகள் வேம்புலிக்கும் பாண்டியனுக்கும் கொடுத்துவிட்டார். வலப்பக்கக் கம்புக்கு வேம்புலியோடு சேர்த்து அவன் தெருப் பையன்கள் நாலு பேர், இடப்பக்கத்துக்குப் பாண்டியனோடு சேர்த்து அவன் தெருவில் நாலு பேர்.

போன மாதம்தான் பாண்டியன் ஆட்கள் வேம்புலியின் தம்பியை வெட்டினார்கள். அவன் பிழைத்தது மறுபிறப்பு. தேர்க்கூட்டத்தில் வேம்புலி பதிலுக்குப் போடுவான் என்று ஊரே பயந்து கிடந்தது. சிஸ்டரோ ரெண்டு பேர் வீட்டுக்கும் நேரே போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தார். சின்ன வயதில் அவரிடம் எழுதப் படிக்கக் கற்றவர்கள். ரெண்டு பேரும் சரி என்றார்கள்.

"கத்தி எடுக்கிற கை, சிஸ்டர்."

"அதனாலதான்" என்றார் சிஸ்டர், தேருக்குப் பூ கட்டிக்கொண்டே.

எட்மண்ட் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தேருக்குப் பின்னால் நடந்தார். வாயில் ஜெபமாலை, கண் வேம்புலியின் இடுப்பில். சட்டைக்குள் ஏதோ நீளமாகத் துருத்திக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரத்திலேயே எட்டுப் பேருக்கும் மூச்சு வாங்கியது. இறக்கி வைக்கவும் முடியாது. கோயிலில் கிளம்பின தேர் கோயிலுக்குத் திரும்பித்தான் தரையைத் தொட வேண்டும். அது இங்கே வழக்கம்.

தெருமுனையில் வேம்புலி கால் இடறி மண்டியிட்டான். தேர் அவன் பக்கம் சாய்ந்தது.

"பயப்படாத மாமே, நான் புட்ச்சிகினு கீறேன். நீ மெதுவா எய்ந்திரு" என்றான் பாண்டியன், கழுத்து நரம்பு புடைக்க.

வேம்புலி எழுந்து தோள் கொடுத்தான். அப்புறம் வழி நெடுக, பார்த்து வா, பள்ளம் கீது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கோயிலில் இறக்கியதும் பாண்டியன் குடித்து நீட்டிய சொம்பை வேம்புலி வாங்கிக் குடித்தான்.

எட்மண்டுக்கு நிம்மதிதான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"எங்க ஆளுங்க அலுங்காம தூக்குற தேரு. இந்தத் தடியனுங்களுக்கு முடியலையே" என்றபடி தேரின் அடியைச் சுற்றியிருந்த ஜரிகைத் துணியை விலக்கினார்.

மாதாவின் காலடியில் நாலு மணல் மூட்டைகள்.

சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

"லேசா இருந்தா ஒரு கை சும்மா இருக்கும்ல, அண்ணா."